பொதியைப் பிரிக்கும் நேரம்

மார்ச் 21, வெள்ளி

பெட்டி வந்து சேரவில்லை. செங்டு விமான நிலையத்தில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். கைப்பையில் மாற்றுத் துணி ஒரு செட்தான் இருக்கிறது. அங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம், மெங்டிங் மலைக்கு. வழியெல்லாம் மழை. குன்னூரில் மழை அடித்துப் பெய்துவிட்டு ஓயும். இங்கே வானம் சும்மா கசிந்துகொண்டே இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் பெயர் லின். முப்பத்து நான்கு வயது. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் தமிழ் படித்தவளாம். "தங்கள் வருகை நல்வரவாகுக, அம்மையீர். பயணம் இனிதாக அமைந்ததா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தாம்மா இருந்துச்சு, பெட்டிதான் வரல" என்றேன். ‘வரல’ என்று தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தேயிலை செய்கிறவர் காவ் என்ற அம்மாள். என் வயதுதான், ஐம்பத்தொன்று. குட்டை உருவம், வாணலியில் சுட்டுச் சுட்டுக் காய்த்துப்போன உள்ளங்கை. முகமன் எதுவும் சொல்லவில்லை, சாப்பிட உட்காரவைத்தார். மிளகாய் எண்ணெய் ஊற்றிய ஒரு வெள்ளை வேர் சாலட் வைத்தார்கள். மேசையில் இருந்த எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். அது மீன் கவிச்சி வீசுகிற வேர் என்றும் வெளியூர்க்காரர்கள் முதல் வாயிலேயே துப்பிவிடுவார்கள் என்றும் லின் சொன்னாள். "தாங்கள் துணிவு மிக்கவர்."

ஜலதோஷம் விட்டபாடில்லை. விமானத்தில் ஏசி வேறு.

மார்ச் 22, சனி

வந்த காரியத்தை எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்கள் நிறுவனத்துக்கு மஞ்சள் தேயிலை வேண்டும். சீனாவிலேயே மிகக் குறைவாகச் செய்யப்படுகிற வகை. பச்சைத் தேயிலை மாதிரியேதான் ஆரம்பிக்கிறது: வசந்தத்தின் முதல் மொட்டுகளைப் பறித்து, சூடான வாணலியில் வறுக்கிறார்கள். அதன் பிறகு பச்சைத் தேயிலையை உடனே உலர்த்திவிடுவார்கள். இங்கே சூட்டோடு தடித்த மஞ்சள் காகிதத்தில் பொதிந்து, துணி போர்த்தி, மரப்பெட்டியில் வைத்துப் புழுங்கவிடுகிறார்கள். பிரித்து, மறுபடி லேசாக வறுத்து, மறுபடி பொதிகிறார்கள். இப்படி மூன்று நாள். அந்தப் புழுக்கத்தில்தான் மொட்டின் பச்சை போய் மஞ்சள் வருகிறது. பச்சைத் தேயிலையின் புல் வாடையும் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் அடங்கிவிடுகின்றன.

கடைசிப் பொதியை எப்போது பிரிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் பிரித்தால் அது வெறும் பச்சைத் தேயிலை. தாமதித்தால் புளித்து, ஈரக் கோணி மாதிரி நாறும். இதற்குக் கடிகாரம் உதவாது. பொதியின் வாயைத் திறந்து மூக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

போன வருடச் சரக்கில் புல் வாடை இருந்தது. அதனால் நான்தான் டிசம்பரில் நிபந்தனை போட்டேன்: நான் முகர்ந்து சரி என்று சொல்லாமல் எந்தப் பொதியையும் பிரிக்கக் கூடாது. காவ் அதற்கு ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. இருபத்தாறு வருடமாக ருசி பார்க்கிறவள் என்று சொன்னதால் ஒத்துக்கொண்டாராம்.

காவிடம் வேலை செய்வது யாங் என்கிற பெண். நாற்பது இருக்கும். அடுப்பும் வாணலியும் அவள் பொறுப்பு. பேச்சே இல்லை. எதை எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்க்கிறாள், துடைப்பத்தைக்கூட.

மார்ச் 23, ஞாயிறு

முதல் பொதி இன்று பிரித்தாயிற்று. நல்லபடியாக.

காலை பத்திலிருந்து மணிக்கொருமுறை பெட்டியைத் திறந்தோம். முதலில் காவ் குனிந்து முகர்வார், அடுத்து நான். பத்து மணிக்கு அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. ஒரு மணிக்கு முகர்ந்துவிட்டு, நாக்கு நுனியால் கீழுதட்டை ஒருமுறை தொட்டார். நான் குனிந்து, கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்து, "இப்போ பிரிக்கலாம்" என்றேன்.

லின் சொன்னதும் காவ் தலையாட்டினார். முதல்முறையாகச் சிரித்தார். லின்னின் தமிழில்: "நம் இருவர் மூக்கும் உடன்பிறந்தவை என்கிறார்."

தேநீர் வெளிர்மஞ்சள். மழை பெய்து ஓய்ந்த பின் அடிக்கிற வெயில் நிறம். இனிப்பு, உருண்டையான கனம், தொண்டையில் பிடிப்பே இல்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரரோடு போனில் பேசினேன். தனபால் எப்போதும்போல முதலில் கேட்டது, "மூக்கு எப்படி இருக்கு?"

"சரியாயிடும்ங்க. இங்க ஈரம் ஜாஸ்தி."

"சரி, சரி" என்றார்.

மார்ச் 24, திங்கள்

அறையில் மின்னடுப்பில் வைத்த பால் தீய்ந்து, பாத்திரம் கரியாகிவிட்டது. லின் மாடியிலிருந்து ஓடிவந்தாள். "அம்மையீர், கருகும் நாற்றம் தெரு வரை வருகிறதே!" நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டாம் பொதி. மறுபடி ஒரு மணிக்குக் கொஞ்சம் பின்னால். காவின் நாக்கு உதட்டைத் தொட்டது. நான் சரி என்றேன். யாங் அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு காவைப் பார்த்தாள், பிறகு விறகைத் தள்ளினாள்.

மதியம் லின் என்னை மலை உச்சிக்கு அழைத்துப் போனாள். கல் வேலி போட்ட சின்னத் தோட்டம், உள்ளே ஏழு செடிகள். இரண்டாயிரம் வருடம் முன்பு ஒருவர் இங்கே ஏழு தேயிலைச் செடி நட்டார் என்பது இந்த ஊரின் கதை. பிற்பாடு பேரரசருக்குத் தேயிலை இங்கிருந்துதான் போனதாம். துறவிகள் இந்த ஏழு செடியில் முந்நூற்று அறுபது இலை மட்டும் எண்ணிப் பறிப்பார்களாம். அதையும் பேரரசர் குடிக்கமாட்டார், வானத்துக்குப் படைப்பாராம்.

"முந்நூத்தி அறுபதுல ஒண்ணு சொத்தையா இருந்தா?" என்று கேட்டேன்.

லின் யோசித்தாள். "அறியேன். ஆனால் எண்ணியவருக்குத் தெரிந்திருக்கும் அல்லவா?"

இறங்கும்போது கால் வலி. பெட்டி இன்னும் வரவில்லை. துவைத்த புடவை காயவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 27, வியாழன்

மூன்றாம் பொதி கெட்டுவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வெயில். வந்ததிலிருந்து இன்றுதான் சூரியனைப் பார்க்கிறேன். எட்டு மணிக்குக் காவின் கணவர் படிக்கட்டுத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுவிட்டார். காவ் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். லின்: "பொதி தங்கள் பொறுப்பு. தங்கள் மூக்கு இருக்கையில் தமக்குக் கவலை இல்லை என்கிறார்."

பத்துக்குத் திறந்தோம். நான் முகர்ந்தேன், இன்னும் ஆகவில்லை என்றேன். பதினொன்றரைக்கு யாங் தானாகவே வந்து பெட்டியைத் திறந்து முகர்ந்தாள். அவள் மூக்கின் ஓரம் சுருங்கிற்று. லின்னிடம் சொன்னாள். "இப்போதே பிரிக்கலாம் என்கிறாள்."

நான் குனிந்து பார்த்தேன். போன இரண்டு பொதியும் ஒரு மணிக்குப் பிறகுதானே பிரித்தோம். "இல்ல, இருக்கட்டும். ஒரு மணி ஆகட்டும்" என்றேன்.

பன்னிரண்டேகாலுக்கு யாங் மறுபடி வந்தாள். இந்த முறை குரல் உயர்ந்தது. "வேண்டாம்னு சொல்லு, லின்" என்றேன்.

ஒரு மணிக்குப் பொதியைப் பிரித்ததும் லின் ஓரடி பின்னால் போய் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் மூக்கை மூடினாள். "கொஞ்சம் ஆறட்டும், சரியாயிடும்" என்றேன். யாங் தட்டில் பரப்பினாள்.

நாலு மணிக்குக் காவ் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டிடம் வரக்கூட வேண்டியிருக்கவில்லை. யாங்கிடம் கத்தினார். யாங் என்னைக் கை காட்டிப் பேசினாள். காவ் என் பக்கம் திரும்பினார்.

"பதினொன்றரை மணிக்கே பிரிக்கலாம் என்று தான் கூறியதாகவும், தாங்கள் தடுத்ததாகவும் யாங் சொல்கிறாள். உண்மையா என வினவுகிறார்."

"அவ சொன்னப்போ வாசம் இன்னும் வரல. அதுக்கப்புறம் அடுப்புச் சூடு பெட்டியில பட்டிருக்கும். பெட்டியை அடுப்புக்குக் கிட்ட வச்சிருந்தா."

லின் உடனே மொழிபெயர்க்கவில்லை. "இதை இப்படியே சொல்லவா?"

"இப்படியே சொல்லு."

சொன்னாள். காவ் யாங்கை நம்பவில்லை. பதினோரு வருடம் வேலை செய்தவளை, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். யாங் அடுப்பை அணைத்து, சாம்பலை அள்ளி, ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனாள். அடுப்புச் சூட்டில் பொதியைக் கெடுத்தவள் என்று ஆகிவிட்டால், இந்த மலையில் வேறு யாரும் அவளை வாணலி பக்கம் விடமாட்டார்களாம். லின் சொன்னாள்.

பெட்டி அடுப்புக்குக் கிட்டத்தான் இருந்தது. நாலடி இருக்கும்.

மார்ச் 28, வெள்ளி

என் துணிப்பெட்டி வந்துவிட்டது. பூட்டு உடையவில்லை.

மார்ச் 29, சனி

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

காலையில் லின் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அம்மையீர், நான் ஒன்று கேட்கலாமா? என் வேலை, பிறர் சொன்னதைச் சொல்வது. எனக்கென்று கருத்து இருக்கக் கூடாது. ஆனால் அன்று நான் சொன்னது பொய் என்றால், அது என் வாயிலிருந்துதானே வந்தது?"

மேசையில் இருந்த நோட்டை மூடினேன்.

"பால் கருகியபோது தாங்கள் தொலைபேசியில் பேசவில்லை. பக்கத்தில் அமர்ந்து நூல் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன்."

இனி இந்த நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும். ஜனவரி முதல் வாரம் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் விட்டது. ஐந்தாம் நாள் காலையில் பல் துலக்கும்போது பேஸ்ட்டுக்கு வாசம் இல்லை. காபிப் பொடிக்கு இல்லை. மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். அதற்கும் இல்லை. டாக்டரிடம் போகவில்லை. அவர் இதற்கு ஒரு நோய்ப் பெயர் வைத்துவிடுவார் என்ற பயம். ருசி பார்க்கும் அறையில், பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்தே ரெண்டரை மாதம் ஓட்டிவிட்டேன். அதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன்.

வியாழனன்று காவ் வருவதற்கு முன், தட்டிலிருந்து ஒரு மொட்டை எடுத்து மென்று பார்த்தேன். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே. புளித்தது. காவ் கேட்டபோது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"யாங் வீடு எங்க இருக்கு?" என்று லின்னிடம் கேட்டேன்.

பள்ளத்தில், அரை மணி நேர நடை. யாங் வாசலில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழவில்லை. நான் நின்றபடியே சொன்னேன், எனக்கு மூக்கு செத்துப்போய்விட்டது என்று. லின்னுக்கு அந்தச் சொல் புரியவில்லை. "வாசனையே தெரியாது, எதுவுமே" என்றேன்.

யாங் தவிட்டிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னாள். "முதல் நாளே தனக்குத் தெரியும் என்கிறாள். அந்த மீன் வேரைப் பழகாதவர் தின்றால் முகத்தில் ஏதாவது ஒன்று தெரியும். வெறுப்போ வியப்போ. தாங்கள் முள்ளங்கி தின்பதுபோலத் தின்றீர்களாம். பிறகு ஒவ்வொரு முறையும் தாங்கள் பொதியைப் பார்க்காமல் காவின் வாயைப் பார்த்தீர்களாம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

லின் கேட்டாள். யாங் முதல்முறையாக நிமிர்ந்தாள். நீளமாகப் பேசினாள்.

"தேயிலை நன்றாக வரும்வரை எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். அது என் தவறு. அன்று நானே பொதியைப் பிடுங்கிப் பிரித்திருக்க வேண்டும். பெரிய பெயர் உடையவர் வேண்டாம் என்றதும் கை பின்வாங்கிவிட்டது." லின் கொஞ்சம் தயங்கி மீதியையும் சொன்னாள். "தாங்கள் மன்னிப்புக் கேட்க வந்திருந்தால், அது தனக்குத் தேவை இல்லையாம். மேலே போய் யாரிடம் பொய் சொன்னீர்களோ அவரிடம் சொல்லுங்கள் என்கிறாள்."

கோழிகள் காலைச் சுற்றிக்கொண்டன. தவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு யாங் உள்ளே போய்விட்டாள்.

லின்னும் நானும் ஏறி வந்தோம். காவ் ஆஸ்பத்திரியில் இருந்தார், நாளைதான் வருவாராம். ஒருநாள் தள்ளிப்போனதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

காவ் காலை ஒன்பதுக்கு வந்தார். கணவருக்கு எலும்பு முறியவில்லை, பத்து நாள் படுக்கை. நான் வாசலிலேயே அவரை நிறுத்திச் சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஜனவரிக் காய்ச்சல், பொதிக்கு மேல் குனிந்து நடித்தது, அவருடைய நாக்கு உதட்டைத் தொடுவது, யாங் சரியாகச் சொன்னது, நான் தடுத்தது, பிறகு பொய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி லின்னுக்கு இடம் விட்டேன். லின் எதையும் விடவில்லை.

காவ் என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கையில் இருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்தார். உள்ளே போய், கெட்டுப்போன பொதியைக் கொண்டுவந்து, வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட என் மடியில் கொட்டினார். அப்புறம் கத்தினார். அவர் கத்தியது நீளம், லின் சொன்னது சின்னது:

"இதில் பத்தாயிரம் மொட்டுக்கு மேல் உள்ளன. இருபது பெண்கள் விரல் நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளியவை. யாங் மூன்று நாள் உறங்காமல் காத்தவை. பதினோரு ஆண்டு அறிந்த மூக்கை நம்பாமல், காகிதத்தில் படித்த பெயரை நான் நம்பினேன். தங்களைவிட என்மீதே எனக்குச் சினம்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் பள்ளத்துப் பக்கம் போனார். யாங்கைக் கூப்பிட வேறு யாரையும் அனுப்பவில்லை, அவரே போனார். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். யாங் நேரே போய் ஏப்ரனை எடுத்துக் கட்டினாள், அடுப்பு மூட்டினாள்.

நான் அதே இடத்தில், மடியில் மொட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். காவ் முன்னால் வந்து நின்று ஏதோ கேட்டார்.

"கண் தெரிகிறதா என்கிறார்."

"தெரியுது."

"நாக்கு?"

"இருக்கு."

"அப்படியானால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமாம். இன்றைய பறிப்பில் வாய் திறந்த மொட்டுகளையும் சிவந்தவற்றையும் பொறுக்கி எடுக்கச் சொல்கிறார்."

மாலை ஐந்து வரை பொறுக்கினேன். யாரும் என்னோடு பேசவில்லை. விரல் நுனியெல்லாம் பிசுக்கு.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். "என்னங்க, ஒண்ணு சொல்லணும். எனக்கு ஜனவரியிலேர்ந்து வாசமே தெரியல" என்றேன்.

"தெரியும் மரகதம்" என்றார்.

"எப்படி?"

"பொங்கலன்னைக்கு சாம்பார்ல பெருங்காயத்தை மூணு தடவ போட்ட. அன்னையிலேர்ந்து ராத்திரி கேஸை நான்தானே மூடறேன், நீ கவனிக்கல?"

"ஏங்க கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லணும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்." பிறகு, "தினமும் மூக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்ல, அதுதான் நான் கேட்டது" என்றார்.

அழுகை வந்துவிட்டது. போனை வைக்காமல் அவரும் இருந்தார்.

மார்ச் 31, திங்கள்

சுந்தரவரதன் சாரிடம் போனில் சொன்னேன். அவர்தான் எங்கள் நிறுவனத்தில் கொள்முதல் முழுவதையும் பார்க்கிறவர். எனக்கு வேலை கற்றுத்தந்த காலத்திலிருந்து பழக்கம். முதலில் நம்பவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மரகதம், இது வெளிய யாருக்காவது தெரியுமா?"

"இங்க எல்லாருக்கும் தெரியும் சார்."

"அவங்களை விடுங்க. அவங்க பாஷை நம்ம ஆளுங்களுக்கு எங்க புரியப்போகுது? சரக்கு நல்லாதானே இருக்கு?"

"முதல் ரெண்டு பொதியும் நல்லாருக்கு. அது காவ் அம்மாவோட மூக்கு. அடுத்ததும் நல்லா வரும்."

"அப்போ வழக்கமா எழுதற மாதிரி ரிப்போர்ட் எழுதிடுங்க. நிறம், ருசி, மணம், கனம், எல்லாத்தையும். உங்க கையெழுத்துக்குத்தான் வாங்கறவங்க ஒத்துக்கிட்டாங்க. மீதியை ஊருக்கு வந்தப்புறம் பேசிக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்கு மனப்பாடம். இருபத்தாறு வருடச் சொற்கள் இருக்கின்றன. ‘வறுத்த கஷ்கொட்டை, மெல்லிய தேன்’ என்று எழுதினால் உலகத்தில் யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள்.

சாப்பிடவில்லை. லின் ஒரு தட்டில் ஆவியில் வேகவைத்த பன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மாவு, உப்பு. அவ்வளவுதான் தெரிந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

மழை திரும்பிவிட்டது. நாள் முழுவதும் மொட்டுப் பொறுக்கினேன். யாங் ஒருமுறை என் தட்டருகே நின்று, நான் விட்டுவிட்ட ஒரு சிவந்த மொட்டை எடுத்து வெளியே எறிந்தாள்.

ரிப்போர்ட் எழுதவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நாளை புறப்படுகிறேன். நாலாம் பொதி இன்று.

பத்து மணிக்குக் காவ் முகர்ந்தார். யாங் முகர்ந்தாள். மறுபடி மூடினார்கள். பதினொன்றுக்கும் அப்படித்தான். நான் மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டுக்குக் காவ் குனிந்தார். பழக்கத்தில் என் கண் அவர் வாய்க்குப் போய்விட்டது. வலிய வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

காவ் நிமிர்ந்து யாங்கிடம் கேட்டார். யாங் தலையசைத்து மறுத்தாள். ஏதோ வாக்குவாதம். "காவ் ஆயிற்று என்கிறார். யாங் இன்னும் அரை மணி வேண்டும் என்கிறாள்" என்று லின் முணுமுணுத்தாள். அறையில் எல்லோரும் நின்றார்கள். காவ் யாங்கையே பார்த்துக்கொண்டு, பொதியின் வாயைத் தானே மடித்து மூடினார். பெட்டி மேல் துணியைப் போர்த்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் யாரும் நகரவில்லை. ஓட்டில் மழைச் சத்தம் மட்டும். இந்தப் பொதியும் போனால் யாங் என்ன ஆவாள் என்ற ஒரே நினைப்பு.

யாங் எழுந்து போய்த் திறந்தாள். குனிந்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு சொல். காவ் வந்து முகர்ந்தார். அவருடைய தோள் இரண்டும் இறங்கின. யாங்கின் முதுகில் பட்டென்று ஒரு தட்டு தட்டினார்.

நிறம் பார்த்தேன், மொட்டுக்கு மொட்டு ஒரே மஞ்சள். வடித்துக் குடித்தேன். கசப்பு இல்லை, துவர்ப்பு இல்லை, இனிப்பு நாக்கின் நடுவில் ஆரம்பித்துத் தொண்டைக்கு இறங்கி அங்கேயே நின்றது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்தபடி ரிப்போர்ட்டில் எழுதினேன். அடுத்த வரி மணம். பேனா நின்றது.

லின்னைக் கூப்பிட்டேன். "யாங்குக்கு இது என்ன வாசமா இருக்குன்னு கேளு."

யாங்குக்குக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. யாரும் அவளை இதற்கு முன் கேட்டதில்லை. கோப்பையை வாங்கி முகர்ந்தாள். யோசித்தாள். கைகளால் ஏதோ செய்து காட்டினாள், நீளமான ஒன்றை உரிப்பதுபோல. லின் கேட்டுக்கொண்டே என்னிடம் திரும்பினாள்.

"மக்காச்சோளம் என்கிறாள். ஆனால் வெந்த சோளத்தின் மணம் என்று சொன்னால் போதாதாம். கதிர்... அதன் மேல் பச்சை ஆடை... அதை நீக்கும்போது ஆவி எழும்... எனக்குத் தமிழில் வரல, அக்கா."

யாங்கின் கைகளைப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே போய், மேலிருந்து கீழே இழுத்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில், மழையில், கை சுடச்சுட நான் எத்தனை தடவை செய்திருக்கிறேன்.

"அவிச்ச சோளக்கதிர் தோலை உரிக்கறப்போ குப்புனு வர்ற வாசம்" என்றேன்.

லின் அதைச் சீனத்தில் திருப்பிச் சொன்னாள். யாங் "அதேதான்" என்பதுபோல மேசையைத் தட்டினாள்.

அப்படியே எழுதினேன். பக்கத்தில் யாங் பெயரைத் தமிழில் எழுதி, அவளையே அவள் மொழியில் கையெழுத்துப் போடச் சொன்னேன். நிறம், ருசி, கனம், இவற்றுக்கு மட்டும் கீழே என் பெயரைப் போட்டேன். காவ் அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார். "மரகதம், இதை அனுப்பினா நீங்க திரும்ப ருசி பார்க்கற ரூம்ல நிக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்லுங்க. வேற தாள்ல எழுதி அனுப்பலாம்."

வாணலியை யாங் சுரண்டிக் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதையே அனுப்பிடுங்க சார்" என்றேன்.